பச்சை வாலைக் காணோம்

கீழ்வீட்டுக்காரிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. மாலை ஆறு மணிக்கு வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். பிறகு தராசை எடுத்து வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து, எண் பூஜ்யத்துக்கு வரும்வரை மூச்சுக்கூட விடமாட்டாள். பெர்ஷியன் பூனை ஈன்ற நான்கு குட்டிகளையும் பிறந்த நாளிலிருந்து இப்படித்தான் தினமும் நிறுத்து நோட்டில் எழுதிவந்தாள். நான்கும் பஞ்சு மாதிரி வெள்ளை. அடையாளத்துக்கு வால் நுனியில் கேக்குக்குப் போடும் வண்ணத்தைத் தொட்டு வைத்திருந்தாள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. பெயர் கிடையாது. “பேரு வளர்க்கப்போறவங்க வைக்கட்டும்” என்பாள்.

குட்டி கேட்டு வருகிறவர்களை அவள் விசாரிக்கிற விசாரணை தெருவுக்கே தெரியும். ஜன்னலுக்கு வலை உண்டா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? “நம்ம கல்யாணத்துக்கே இவ்வளவு விசாரிக்கல” என்று அவள் கணவர் சிரிப்பார். “அதான் இப்ப அனுபவிக்கிறேன்” என்பாள் அவள். முதலில் வாங்கிய பெண்பூனைக்கு ஸ்கேனில் சிறுநீரகக் கோளாறு தெரிந்ததும், ஒரு குட்டிகூட எடுக்காமல் கருத்தடை செய்துவிட்டாள். அது இன்றைக்கும் ஃபிரிட்ஜ் மேல் பெரியம்மாவாகப் படுத்திருக்கிறது. பன்னிரண்டு வாரம் முடிந்து இரண்டு தடுப்பூசியும் போடாமல் எந்தக் குட்டியும் வாசலைத் தாண்டாது.

ஐம்பத்தோராவது நாள் மாலை மூன்று குட்டிகளைத்தான் நிறுக்க முடிந்தது. பச்சையைக் காணோம். வாஷிங் மெஷின் பின்னால், சோஃபாவுக்கு அடியில், துணிக்கூடையில் என்று தேடினாள். மாடியில் இருந்த என்னையும் கூப்பிட்டாள். தாய்ப்பூனை அடித்தொண்டையில் கூப்பிட்டபடி அறை அறையாக நடந்துகொண்டிருந்தது. கணவர் மட்டும் தேடவில்லை. டிவி ரிமோட்டில் பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, பச்சை எங்க?”

“நீ கத்தக்கூடாது.”

“எங்கன்னு கேட்டேன்.”

“மத்தியானம் மேனேஜர் வீட்டுல கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பொண்ணு ஆசைப்பட்டுச்சாம். அதான் தானா சாப்பிட ஆரம்பிச்சிடுச்சே, இன்னும் என்ன?”

அவர் ஆபீஸில் மாற்றல் பட்டியல் வருகிற மாதம் அது. அவர் யாரைக் குளிர்விக்கப் பார்த்தார் என்பது எனக்குக்கூடப் புரிந்தது. அவள் கத்தவில்லை. குட்டிகளைக் கூட்டிப்போகும் கூண்டுப்பெட்டியை எடுத்தாள். “நீங்களும் வாங்க. கொடுத்த கையாலயே வாங்கிக்கொடுங்க.”

காரை நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் அவர், “என் வேலைக்கே உலை வைக்கிறே” என்று முனகிக்கொண்டே வந்தார். “ஏழு வாரக் குட்டிங்க! அம்மாகிட்ட இன்னும் பால் குடிக்குது. உங்க மேனேஜருக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டியதுதானே?” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

மேனேஜரின் மனைவி சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

“கொடுத்ததைத் திரும்பக் கேட்க வெட்கமா இல்லை? எங்க வீட்டுல என்ன குறை? ஏசி ரூம்ல வச்சிருக்கோம்.”

“ஏசி என்ன தடுப்பூசியா?”

கணவர் தரையைப் பார்த்தார். உள்ளே ஒரு தட்டில் மாட்டுப்பால். பக்கத்தில், தெருவெல்லாம் சுற்றிவிட்டு வந்த கடுவன் பூனை ஒன்று காலைத் தூக்கி உடம்பை நக்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் அவள் விரலை நீட்டிக் கேட்டாள். “அதுக்கு ஊசி போட்டிருக்கீங்களா?” ஒரு உயிரைப் பரிசுப் பொட்டலமாகக் கைமாற்றிய இரண்டு பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இருவரையும் சேர்த்து உலுக்கவேண்டும்போல் இருந்தது எனக்கு.

மேனேஜரின் மகள்தான் குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். “வந்ததுலேர்ந்து அழுதுட்டே இருக்கு ஆண்ட்டி. வயித்தாலயும் போகுது.” அந்தப் பெண்மேல் மட்டும் இவளுக்குக் கோபம் வரவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

நேராக மாட்டு டாக்டர் என்று தெருவில் கிண்டல் செய்யப்படும் எங்கள் கால்நடை மருத்துவரிடம் போனோம். “அந்தக் கடுவன்கிட்டேருந்து எது ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்னு இப்பச் சொல்ல முடியாது. ரெண்டு வாரம் மத்ததுங்ககிட்ட விடாதீங்க” என்றார்.

திரும்ப எடுத்துவந்தும் தாயிடம் விடமுடியாது! பின்னறையில் பச்சை தனியாகக் கத்தியது. கதவுக்கு இந்தப்பக்கம் தாய் கத்தியது. அவள் தாயைத் தடவிக்கொடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து தராசையும் நோட்டையும் கணவர் கையில் திணித்தாள். “நான் மத்த மூணையும் தொடுறவ. அந்த ரூமுக்குள்ள நான் வரக்கூடாது. ரெண்டு வாரமும் நீங்கதான் அங்க. துணி மாத்தாம, கை கழுவாம வெளிய கால் வச்சீங்க, அப்புறம் இருக்கு.”

அதற்குமேல் அவரோடு பேச்சில்லை. ஒரு நாள், இரண்டு நாள். சாப்பாட்டுத் தட்டு கதவோரம் வைக்கப்படும். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டதாக அவர் சொன்னதையும் சுவர்தான் கேட்டது.

மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அறுநூத்திப் பத்து. நேத்தைவிட எட்டு கிராம் கூட. வயித்தால போறதும் நின்னுடுச்சு.”

அவள் என்னிடம் வாங்கிய சமையல் தராசில் நிறுத்துக்கொண்டிருந்த நீலத்தைக் கிண்ணத்திலிருந்து இறக்கினாள். வெகுநேரம் கதவையே முறைத்தாள்.

“முதல்ல தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தீங்களா?”

உள்ளே கிண்ணம் நகரும் சத்தம். “இரு, திரும்பப் பார்க்கிறேன்.”