என் காலடி மண்

அறுபதுகளில் நான் செஞ்சிக் கடைத்தெருவில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓர் அமாவாசையன்று, மேல்மலையனூர் போகிற வழியில் ஒரு வெளிநாட்டுக் கார் டீக்கடை முன்னால் வந்து நின்றது. அதன் டிரைவர் ஒல்லியானவர்; வெள்ளை உடுப்பு, தலையில் தொப்பி. கதவிலிருந்த பொத்தானைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் அழுத்துவார். ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கும், தானாக ஏறும். என் வண்டியிலோ கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றுவிடும். வயிறு எரிய, கண் கொட்டாமல் பார்த்தேன். வேடிக்கை பார்க்கக் கூட்டமும் கூடிவிட்டது.

திடீரென்று, இறங்கிய கண்ணாடி ஏறவில்லை. எரிந்த வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

"இன்னாண்ணே, கரண்ட் ஜன்னல் மாட்டிக்கிச்சா?" என்றேன்.

"கண்ணு பட்டுடுச்சுங்க" என்றார் அமைதியாக.

பக்கத்துக் கடையில் உப்பும் மிளகாயும் வாங்கினார். திருஷ்டி கழிக்கக் கண் வைத்தவரின் காலடி மண்ணும் வேண்டுமே! அத்தனை பேர் நிற்க, நேராக என்னிடம் வந்தார்.

"காலைக் கொஞ்சம் எடுங்கண்ணே."

எடுத்தேன். மண்ணை அள்ளி, உப்பு மிளகாயோடு ஜன்னலைச் சுற்றி, டீக்கடை அடுப்பில் போட்டார். மிளகாய் நெடியே வரவில்லை.

"அம்மாடி, எம்மாம் பெரிய திருஷ்டி!" என்றார் டீக்கடைக்காரர்.

டிரைவர் பொத்தானைத் துடைத்து அழுத்தினார். கண்ணாடி முனகிக்கொண்டே ஏறியது.

என்னை எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றும் விளங்கவில்லை. அவர்மேல் கோபமும் இல்லை. என் வண்டிக்காக யாருடைய காலடி மண்ணையும் நான் அள்ள வேண்டி வந்ததே இல்லை. அந்த எரிச்சல்தான் இன்னும் ஆறவில்லை.