பந்தலுக்குப் போன பேட்டரி, பாடைக்குப் போன கோல்

எங்கள் படகின் பேட்டரியை நான்தான் பார்த்துக்கொள்வேன். படகு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். எண்ணூர் கழிமுகத்தில் நண்டு வலை போட்டு எடுக்கிற சின்ன ஃபைபர் படகு, பின்னால் ஒரு பேட்டரி மோட்டார், ஊன்றித் தள்ள ஒரு மூங்கில் கோல். அவ்வளவுதான். பேட்டரி விற்ற வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர் அப்போதே சொல்லி அனுப்பினார்: "பாதிக்கு மேல காலி பண்ணாதீங்கம்மா. கரைக்கு வந்தவொடனே சார்ஜ்ல போட்டுடுங்க. பட்டினியா தூங்க வச்சா செத்துடும்."

அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கரைக்கு வந்ததும் பேட்டரி நேராக வீட்டுக்குள் வரும், ஃபிரிட்ஜ் பக்கத்தில் சார்ஜரில் உட்காரும். மூடிகளைத் திறந்து கோடு வரைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவேன். முனைகளில் பூக்கிற வெள்ளையை வெந்நீரால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுவேன். தெருவில் மற்றவர்கள் வாங்கிய பேட்டரிகள் ஒன்றரை வருஷத்திலேயே காயலான் கடைக்குப் போய்விட்டன. எங்களுடையது நாலாவது வருஷமும் ஓடியது. "புள்ளைக்கு எண்ணெ தேச்சி வுடற மாதிரி இன்னாம்மே பண்ணினுகீற?" என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

எதிர்வீட்டுப் பெரியவர் இறந்தார். என் கணவரோடு படகில் போகிறவரின் அப்பா அவர். சாவு வீட்டுக்கு வேண்டியதை யாரும் கேட்டு வாங்குவதில்லை எங்கள் பக்கம். பெஞ்சு, தார்ப்பாய், அண்டா, எது கண்ணில் படுகிறதோ அது போகும். தடுத்தால் மனுஷஜென்மமே இல்லை. அன்றைக்குப் பார்த்து கரண்ட் போனது. பந்தலில் விளக்குக்கும் ஃபேனுக்கும் எங்கள் பேட்டரி போனது. நான் பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் எல்லாம் முடிந்தது.

அதற்கடுத்த காலை, இறந்தவரின் மகன் காரியம் முடியாமல் வர முடியாது என்பதால் அவருக்குப் பதிலாக நான் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. பேட்டரி ஈரமாக, பளிச்சென்று இருந்தது. "ரெடியா?" என்றேன். "ரெடிதான், ஏறு" என்றார் என் கணவர்.

போகும்போது கடல் பக்கம் வற்றுகிற தண்ணீர், மோட்டார் போடாமலேயே எங்களைக் கொண்டுபோனது. முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வலைகளைப் போட்டுவிட்டுத் திரும்பினோம். தண்ணீரை எதிர்த்ததும் மோட்டார் முனகியது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை. படகு பின்பக்கமாகக் கடலை நோக்கி நகரத் தொடங்கியது.

"கோல எடுத்து ஊனு" என்றேன்.

அவர் அசையவில்லை. "கோலு இல்ல. பாடைக்குப் போச்சி."

மூங்கில் குறைந்ததாம். எங்கள் கோலைத்தான் வெட்டிக் கட்டியிருக்கிறார்கள்.

"சரி, பேட்டரிக்கு இன்னா வந்துது? சார்ஜ் போட்டியா இல்லியா?"

"சாவு வூட்லேர்ந்து வந்தத எப்டி உள்ள எட்தாரது? தண்ணி வூத்திக் கழுவி நேரா படகுல வச்சேன். ரெண்டு பல்பு, ஒரு ஃபேனு. இன்னா குடிச்சிடப் போவுதுன்னு நெனச்சேன்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். ராத்திரியும் பகலும் ஓட்டிவிட்டு, பட்டினிப் பேட்டரியைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்திருக்கிறார். திட்டக்கூட நேரமில்லை. பின்னால் முகத்துவாரத்தில் அலை உடைகிற சத்தம் கேட்டது. அந்த அலையில் சிக்கினால் இந்தப் படகு கவிழும், நான் கல் மாதிரி போவேன்.

நங்கூரக் கல்லைப் போட்டார். அது சேற்றை உழுதுகொண்டு கூடவே வந்தது. தெர்மோகோல் பெட்டியின் மூடியால் துழாவினார், இரண்டாகப் பிளந்தது. இடுப்பில் இருந்த தாயத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நீந்திப் படகை இழுக்கக் குதிக்கப் போகிறார் என்று தெரிந்தது.

"நீ குதிச்சா நான் தனியா இன்னா பண்ணுவேன்? பேட்டரியக் கழட்டு. கல்லோட சேத்துக் கட்டு."

"உப்புத் தண்ணி போனா அவ்ளோதான்மே."

"கட்டுயா."

வயரைப் பிடுங்கினார். கல்லை இழுத்து, அதன் கயிற்றைப் பேட்டரியின் கைப்பிடி இரண்டிலும் கோத்து முடிச்சுப் போட்டேன். இருவரும் தூக்கிப் போட்டோம். கயிறு ஓடியது, விறைத்தது. படகு ஒரு உலுக்கு உலுக்கி, திரும்பி, நின்றது.

அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கத்திவாக்கத்து இறால் படகு ஒன்று வந்து எங்களைக் கட்டி இழுக்கும்வரை அது விடவில்லை.

சேறு வழிய மேலே வந்த பேட்டரியைக் கரையில் வைத்தபோது எனக்கு அழுகை வந்தது. பயம் அப்போதுதான் வெளியே வந்ததாலா, நாலு வருஷம் பார்த்துக்கொண்டது போனதற்கா, இரண்டும்தான். நல்ல தண்ணீரில் கழுவிப் பார்த்தோம். சார்ஜர் அதை ஏற்கவே இல்லை.

புதுசு வாங்கிய பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. பேட்டரியும் புதுக் கோலும் போயின. நானே எடுத்துக் கொடுத்தேன். இல்லையென்று சொல்ல இன்னமும் வாய் வராது.

மாலையில் திரும்பி வந்த பேட்டரியோடு என் கணவர் வாசலில் நின்றார். காலடியில் தண்ணீர் வாளி. அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள எட்தா" என்றேன்.

"கழுவாமயா?"

நான் வெளியே போய் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தேன். யாரோ "ஐயே" என்றார்கள். இருவருமாகத் தூக்கி ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைத்தோம். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் குளிக்கப் போனோம்.