ஓரப்பட்டை ஒட்டிய மழைக்காலம்

பிளைவுட் பலகையை அறுத்த ஓரத்தில் என்றைக்காவது விரலை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் நல்லது, பார்க்கவும் வேண்டாம். ஆறிப்போன மூன்று தோசைகளை அடுக்கி மொட்டைக் கத்தியால் நறுக்கினதுபோல் இருக்கும் அந்த ஓரம். தடவினால் மயிர் கனத்தில் ஒரு சிலாம்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், ஊசியால் நோண்டினாலும் பாதிதான் வெளியே வரும். எங்கள் வீட்டுப் பலகை தேயிலைப் பெட்டியைப் பிரித்து எடுத்தது. அதனால் ரம்பம் ஓடும்போதெல்லாம் வீடு முழுக்கச் சாயாக்கடை வாசனை அடிக்கும்.

ஐம்பதுகள் முடியும் சமயம். எனக்குப் பத்து வயது. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டு முழுவதும் இந்தப் பலகைதான் சாய்ந்து கிடக்கும். அப்பா அதுவரை வெலிங்டன் தீவில் ஒரு தேயிலைக் கிடங்கில் பெட்டி எண்ணும் குமாஸ்தாவாக இருந்தார். தூசி நெஞ்சில் ஏறி இருமல் நிற்காமல் போகவே, வீட்டோடு இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி கிடங்கில் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது. அதுவரை ரம்பம் பிடித்தறியாத மனுஷர், பஜாரில் உடைந்த தேயிலைப் பெட்டிகளை வாங்கிவந்து அலமாரி செய்ய ஆரம்பித்தார்.

அலமாரி வேலை நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். திருப்பூணித்துறையில் அம்மாவின் அண்ணா, கல்யாணச் சமையல் எடுத்து நடத்துகிறவர், தம் வீட்டுப் பின்பக்கத்து அறையை ஒழித்துவைத்துவிட்டு, எல்லோரும் வந்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். “உன் அண்ணா ஆத்துல போய்க் கத்திரிக்கா நறுக்கவோ நான்?” என்று அப்பா கேட்பார். “நறுக்கினா வெரலொண்ணும் தேஞ்சுபோகாது, கேட்டேளா” என்பாள் அம்மா.

அலமாரி செய்வது பெரிய காரியமில்லை. அந்த ஓரத்தை மூடுவதுதான் காரியம். சாமான் வந்த மரப்பெட்டிகளின் ‘ரீப்பர்’ சட்டங்களை அப்பா நீளவாக்கில் கீறி மெல்லிய பட்டைகளாக எடுப்பார். பலகையின் கனத்தைவிடப் பட்டை ஒரு நூல் அதிகம் இருக்க வேண்டும். ஒட்டிக் காய்ந்த பிறகு இழைப்புளி ஓட்டி இரண்டையும் ஒரே மட்டமாக்கினால், கண்ணை மூடித் தடவினாலும் பலகை எங்கே முடிந்தது, பட்டை எங்கே தொடங்கியது என்று தெரியக் கூடாது. ஆணி அடித்தால் பட்டை பிளந்துவிடும். ஆகவே பசை. பசை அம்மாவின் இலாகா: மைதாவைக் கரைத்து, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டு, முற்றத்து அடுப்பில் பழைய சட்டியில் கிண்டிக் கொடுப்பாள். பசை காயும்வரை பட்டை நகராதபடி, கிழித்த சைக்கிள் டியூபால் பலகையை இறுக்கிச் சுற்றுவது என் இலாகா. நான் சுற்றிய கட்டு பாடைக்கட்டுக்குச் சமானம் என்று அப்பாவே பாராட்டியிருக்கிறார்.

ஜூனில் இடவப்பாதி மழை இறங்கிய மூன்றாம் நாள் பட்டைகள் உரிய ஆரம்பித்தன. மிளகுக் கடைக்காரர் நான்கு தட்டுகளைத் தலைச்சுமையாகத் திருப்பி அனுப்பிவிட்டு, பின்னாலேயே தாமும் வந்து, “சாமியே, அலமாரி சிரிக்குதல்லோ” என்றார். தோப்பும்படியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு புத்தக அலமாரி செய்துதர அப்பா அப்போதே ஒப்புக்கொண்டிருந்தார். அவையும் சிரித்தால் திருப்பூணித்துறைதான்.

பஜாரில் ஆணி, தாழ்ப்பாள் விற்கும் ராவுத்தர் ஒருவரிடம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் பழுப்புக் கற்கண்டு மாதிரி ஒரு கட்டியை எடுத்து வைத்தார். ‘வஜ்ரம்’.

“இது ஒட்டினா சாவுற வரைக்கும் விடாது சாமி. ஆனா ஒங்க வீட்டுக்கு ஆகாது. மாட்டுத் தோலும் எலும்பும் போட்டுக் காச்சின சாதனமாக்கும். பொறவு ராவுத்தன் சொல்லலைன்னு சொல்லப்பிடாது.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தாழ்ப்பாளைப் பார்த்தேன். “பொதிஞ்சு தாரும் ஓய்” என்றார். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான்: “அம்மாகிட்ட வாயைத் திறந்து மிண்டப்பிடாது.”

வஜ்ரத்தை நேராக நெருப்பில் வைத்தால் கருகிவிடும். ஒரு தகர டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிக்கிற தண்ணீரில் நிறுத்தி உருக்க வேண்டும். ஒட்டி முடியும்வரை தண்ணீரின் சூடும் ஆறக் கூடாது. முற்றத்து அடுப்பு மழையில் கரைந்துவிட்டது. மண்சட்டி இரண்டு தரம் வெடித்தது. சூடு தாங்கி நிற்கக்கூடிய பாத்திரம் வீட்டில் ஒன்றுதான், அம்மாவின் வெண்கலப் பானை. கல்யாணத்தில் அவளோடு வந்தது. குளித்து மடியாக, வேறு யாரும் தொடாமல், சுவாமிக்கு நேவேத்தியம் பண்ணும் சாதத்தை அவள் அதில்தான் வடிப்பாள். காலையில் அம்மா கோயிலுக்குப் போய்வரும் ஒரு மணி நேரம் அந்தப் பானையும் சமையலறை அடுப்பும் எங்கள் வசம்.

நாற்றத்துக்கு அப்பா கண்டுபிடித்த வழி சாம்பிராணி. வேலை போனதிலிருந்து பூஜை அறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர் தினமும் வீடு நிறையப் புகை போடுவதைக் கண்டு, “இப்பவாவது நல்ல புத்தி தோணித்தே” என்று அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்காக இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

பன்னிரண்டு அலமாரியும் முடியும் தறுவாய். கொட்டுகிற மழையிலும் ஒரு பட்டை அசையவில்லை. வண்டி வர வேண்டிய அன்று காலை, கடைசித் தட்டையும் ஒட்டிவிட்டு எடுக்கும்போது டப்பா கவிழ்ந்து வஜ்ரம் பானைக்குள்ளேயே கொட்டி, அடியில் வார்னிஷ் மாதிரி பிடித்துக்கொண்டது. அம்மா வரும் நேரம். மூன்று மாதமாக மரத்தையே தேய்த்த கை, மரத்துக்குச் செய்வதையே செய்தது: அப்பா உப்புத்தாளை எடுத்துப் பானையின் உட்புறத்தைத் தேய்த்தார். புளி போட்டுப் பாத்திரம் தேய்த்துப் பழகிய ஆண்பிள்ளையாக இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார்.

அரிசி களையப் பானைக்குள் கைவிட்ட அம்மாவின் விரல்கள் அடியில் நின்றுவிட்டன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே வட்ட வட்டமாகக் கீறல்.

“ஆருடீ இதுல உப்புத்தாள் போட்டது?”

நான்தான் என்று சொல்லியிருந்தால் முதுகில் நாலு விழுந்து அத்தோடு முடிந்திருக்கும். சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் இத்தனை நாள் வாயை மூடியிருந்த களைப்பில், டப்பா, கட்டி, சாம்பிராணி, ராவுத்தர் சொன்ன எச்சரிக்கை உட்பட ஒன்றுவிடாமல் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அப்பா அதற்குள் வாசற்படியில் வந்து நின்றிருந்தார்.

அம்மா கத்தவில்லை. “இத்தனை நாள் சுவாமிக்கு என்னத்தை நேவேத்தியம் பண்ணினேன் நான்?” என்று மட்டும் கேட்டாள்.

“பாத்திரம்தானே. தேச்சாப் போறது.”

அம்மா பானையைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

“ஒட்டலேன்னா உன் அண்ணா ஆத்து வாசல்ல போய் நின்னிருக்கணும். அது தெரியுமோ?”

“நின்னிருப்பேனே” என்றாள் அம்மா.

தெருவில் வண்டிக்காரன் குரல் கொடுத்தான்: “சாமி, மழை வருது. ஏத்தட்டா?” அப்பா பானையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “ஏத்து” என்றார்.

பள்ளிக்கூடத்தில் அலமாரிகளைத் தடவித் தடவிப் பார்த்து மெச்சினார்களாம். அடுத்தடுத்து வேலை வந்தது. திருப்பூணித்துறைக்கு நாங்கள் போகவே இல்லை. அம்மா மூன்று நாள் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடாமல் கிடந்தாள். நாலாம் நாள் எழுந்து, அடுப்பை இடித்து வேறு போட்டு, புதுப் பானையில் சமைத்தாள். அப்பாவுக்கான இலையைச் சமையலறைக்கு வெளியே, பலகைகள் கிடந்த பின்கட்டில் போட்டாள். ஒரு நாள் சாப்பிட்டார், இரண்டு நாள் சாப்பிட்டார். மூன்றாம் நாள் இலையைத் தாண்டிப் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். சாப்பிடக் கூப்பிடட்டும் என்று அவரும், உள்ளே வரட்டுமா என்று கேட்கட்டும் என்று அவளும் இருந்துவிட்டார்கள்.

இப்போது அறுபதுகளும் முடியப்போகின்றன. நான் டிகிரி வாங்கிவிட்டேன். ஓரப்பட்டை இயந்திரத்தில் இழைத்துக் கட்டுக்கட்டாக அக்கரையில் பிராட்வே கடைகளில் கிடைக்கிறது. யாரும் ரீப்பர் கீறுவதில்லை. பசையும் பால் மாதிரி வெள்ளையாக டப்பாவில் வருகிறது, காய்ச்ச வேண்டாம், மாடும் கிடையாது. முதல் டப்பா வாங்கிவந்த அன்று அப்பா அதன்மேல் ‘செயற்கைப் பசை’ என்று எழுதியிருந்ததைச் சமையலறைக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். உள்ளேயிருந்து தேங்காய் துருவும் சத்தம்தான் வந்தது.

இன்றைக்கு மத்தியானமும் அப்பா ஓட்டலில்தான் சாப்பிட்டார்.