கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்ற கார்

மின்விசிறியின் மோட்டார் எரிந்துபோனதால் அதைத் தூக்கிக்கொண்டு மருதானைக்குப் போயிருந்தேன். பின்னேரம்தான் தரலாம் என்றார் பட்டறைக்காரர். அந்த வெயிலில் வெள்ளவத்தைக்குத் திரும்பிப்போய் மறுபடி வர உடம்பில் தெம்பில்லை. பக்கத்தில் பழைய முத்திரைகளும் புத்தகங்களும் விற்கும் கடைக்குள் நிழலுக்காக ஒதுங்கினேன்.

கடைக்காரர் ஒரு பெட்டியை என் பக்கம் தள்ளினார். "பாருங்க சேர், பார்க்கிறதுக்கு சல்லி இல்ல."

உள்ளே பழைய தபாலட்டைகள். ஒன்றில் கண்டி போகும் வழியிலுள்ள கடுகண்ணாவை மலை. மேலே புகை கக்கும் ரயில், கீழே வளைந்தேறும் தெரு. தெருவோரம் முன்மூடி திறந்தபடி ஒரு கார். கூரையில் தகரப் பெட்டி கட்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டி ஒரு காலில் சாய்ந்து நின்றவரைக் கண்டதும் தெரிந்துவிட்டது, அப்பா. பக்கத்தில் நீலச் சீலையில் அம்மா, அவள் இடுப்பில் நான், ஓரத்தில் சின்னப் பெண்ணாக அக்கா.

"இந்த எடத்துல ரோட்டும் கோச்சிப் பாதையும் கிட்ட கிட்ட வரும். படம் புடிக்கிறவங்க கோச்சி வரும் வரைக்கும் காத்துக்கிட்டு நிப்பாங்க" என்றார் கடைக்காரர். "உங்கட ஆக்களா?"

"ஓம்" என்றேன். அதற்குமேல் சொல்ல அலுப்பாக இருந்தது. காசைக் கொடுத்து அட்டையை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மின்விசிறியோடு மூன்று மாடி ஏறி வந்தேன். கணவர் இறந்தபின் என்னோடு வந்து இருக்கும் அக்கா, கட்டிலில் சாய்ந்தபடி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அட்டையைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மான்ர சீலை நீலமில்லை, வெள்ளை. இவங்கள் பிறகு நிறம் பூசியிருக்கிறாங்கள்."

அம்மாவை நெஞ்சு நோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்த காலம் அது. அக்காவைக் கண்டியில் மாமி வீட்டில் விடுவதற்காக அப்பா யாரிடமோ கார் இரவல் வாங்கினார். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துக் கார் நின்றுவிட்டது. நான் அம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை. எனக்கு எதுவும் நினைவில்லை.

"படம் எடுக்க நிண்ட கமராக்காரன் காரை அங்கால தள்ளச் சொன்னவன். அப்பா ஏலாது எண்டிட்டார். அப்ப, எல்லாரும் கோச்சியைப் பாருங்கோ எண்டு சொன்னவன்."

படத்தில் அப்பாவும் அம்மாவும் நானும் ரயிலைத்தான் பார்க்கிறோம். அக்கா மட்டும் கீழே, தெருவைப் பார்க்கிறாள்.

"நீங்கள் ஏன் அங்கால பாக்கிறியள்?"

"வந்த றோட்டைப் பாத்து வைச்சனான். திரும்பி வாறதெண்டால் வழி தெரியவேணுமே."

"வந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஒருநாள் வெளிக்கிட்டனான். கண்டி ஸ்டேஷன் மட்டும் நடந்திட்டன். ரிக்கெட் குடுக்கிறவர் நான் அழுகிறதைக் கண்டிட்டு, கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் மாமியிட்ட விட்டுட்டார். மாமி ஏசேல்லை. புட்டும் வாழைப்பழமும் தந்தவா."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஆர் சொல்லுறது? அவ வார்ட்டில கிடந்தவ."

அம்மா தேறி வந்தாள். ஆனால் பள்ளிக்கூடம் நல்லது, படிப்பைக் குழப்பவேண்டாம் என்று அக்காவை அங்கேயே விட்டார்கள். விடுமுறைக்கு அவள் வரும்போது பலகாரம் சுட்டு விருந்தாளியைப்போல நடத்துவோம். அவள் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பது ஏனென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பெரிய மனுஷியாகித்தான் கொழும்புக்குத் திரும்பினாள். பிறகு கல்யாணம், வேறு வீடு.

கடற்கரைப் பக்கத்து ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது.

"ஃபிரேம் போட்டு ஹோலில மாட்டட்டோ, அக்கா?"

"வேண்டாமடா. வாற ஆக்கள் எல்லாம் கேப்பினம். ஒவ்வொருத்தருக்கும் இருந்து சொல்ல எனக்கு ஏலாது."

அட்டையை என்னிடம் தந்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.