பதினேழு பலகை

என் மனைவி விழுந்தது குளியலறை வாசலில். அங்கே வழவழப்பான சிமெண்ட் தரை. அந்த ஒரு விஷயத்தை அன்றைக்கு ஒழுங்காக யோசித்திருந்தால் இதை எழுதும் வேலையே எனக்கு வந்திருக்காது. நானோ பழியைத் தூக்கி மாடி அறையின் பழைய பலகைத் தரை மேல் போட்டேன்.

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தின் மூலையில் எங்கள் கடைவீடு. கீழே மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வாடகைக்கு இருக்கிறார். மேலே நாங்கள் இருவர். மாடித் தரை முழுவதும் ஒரு சாண் அகலப் பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையும் இடுக்கு. நான் பெருக்கினால் தூசி நேரே கண்ணாடிக் கடைக்காரர் தலையில் இறங்கும். அவர் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் இரண்டு தட்டு தட்டுவார்.

அவளுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து அப்போது ஆறு வருடம். கை நடுக்கம் எங்கள் இருவருக்கும் பழகிவிட்டது. கால்தான் தொல்லை. நடந்துகொண்டே இருப்பாள், திடீரென்று பாதம் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். மனசு போ என்னும், கால் போகாது. ஆனால் ஒரு நடை மட்டும் தவறியதே இல்லை. காலையில் கட்டிலிலிருந்து சந்துப் பக்கத்துச் சன்னலுக்கு அவளாகவே போவாள். அந்த நேரத்தில் நான் சந்து முனையில் ரொட்டி சனாய் வாங்க நிற்பேன். நிமிர்ந்து பார்த்தால் சன்னலில் இருப்பாள். ஒரு விரல் காட்டினால் ஒரு ரொட்டி. இரண்டு விரல் என்றால் இன்றைக்கு உடம்பு தேவலை என்று அர்த்தம். விரல் நடுங்குவதால் ஒன்றா இரண்டா என்று எனக்கும் ரொட்டிக் கடைக்காரருக்கும் சில நாள் வழக்கே நடக்கும்.

நடக்கும்போது வாய்க்குள் எதையோ முணுமுணுப்பாள். சாமி பெயர் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் காது கொடுத்துக் கேட்டால், எண்ணிக்கொண்டிருந்தாள். ஓர் இடுக்கைத் தாண்டினால் ஓர் எண். "பதினேழு" என்று சொல்லும்போது கை சன்னல் கம்பியைப் பிடித்திருக்கும். முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள், பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன்.

அவள் விழுந்த மறுவாரம் மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியை வரவழைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து பழைய பலகையை முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல மரம் அண்ணே. பிடுங்க வேணாம். மேலேயே புதுசு போட்டுடலாம்."

"எதுக்குங்க?" என்றாள் அவள் கட்டிலிலிருந்து. "எனக்கு இந்தப் பலகை பழகிடுச்சு. விட்டுடுங்க லா."

"நீ விழுந்தது போதும்," என்றேன். துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு குணம். ஒன்றை முடிவு செய்துவிட்டால் அப்புறம் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழாது.

ஆசாரி தொழில்காரர், கேட்க வேண்டியதைக் கேட்டார். "பழைய பலகைக்குக் குறுக்கேதான் புதுசு போகணும் அண்ணே. அதே பக்கமா போட்டா இடுக்கு மேல இடுக்கு விழுந்து ஆடும். இல்ல, அதே பக்கம்தான் வேணும்னா முதல்ல ப்ளைவுட் அடிச்சு அது மேல போடலாம். ஒருநாள் வேலை கூடும், அவ்வளவுதான். கட்டில்லேர்ந்து சன்னலுக்கு நடக்கறப்போ பலகை குறுக்கே வரணுமா, நீளமா ஓடணுமா?"

"நீளமா," என்றேன். சன்னல் வெளிச்சம் பலகை நெடுக ஓடும், அறை பெரிதாகத் தெரியும் என்று விளக்கமும் சொன்னேன். அண்ணனுக்கு ரசனை இருக்கு என்றார். அந்தப் பாராட்டை இரண்டு நாள் மனதுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

மெர்பாவ் மரப் பலகைகள் வந்து இறங்கின. உடனே அடிக்கக் கூடாதாம். எங்கள் வீட்டுச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மரம் பழக வேண்டுமாம். அறை மூலையில் நான்கு நாள் அடுக்கியே கிடந்தன.

"மரம் பழகறதுக்கு நாலு நாளு," என்றாள் அவள். "எனக்கு எத்தனை நாளு குடுப்பீங்க?"

நான் சிரித்தேன். வேடிக்கை பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஆசாரி ஆடிய பலகைகளைத் திருகாணி போட்டு இறுக்கினார். தூக்கிய இடங்களை இழைத்துவிட்டுத் தடித்த காகிதம் விரித்து, அதன் மேல் ஒன்றோடு ஒன்று கோத்துப் பசையும் ஆணியுமாக அடித்து முடித்தார். தலைமுடி நுழைய இடமில்லை. எண்ணெய் பூசியதும் செக்கச்செவேல் என்று மின்னியது. கண்ணாடிக் கடைக்காரர் மேலே வந்து பார்த்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ரொட்டிக் கடையில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். சன்னலில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கடைக்காரர் எத்தனை என்றார். நானே இரண்டு என்று சொல்லி வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.

கட்டில் காலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். குனிந்து தரையைப் பார்த்து "ஒண்ணு" என்றாள். பாதம் எழும்பவில்லை. மறுபடியும் "ஒண்ணு" என்றாள். முழங்கால் வெடவெடத்ததே தவிர குதிகால் தரையை விடவில்லை. எவ்வளவு நேரமாக அந்த ஒன்றிலேயே நின்றாளோ தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பாடுபட்டு யாருக்காகச் செய்தேன்? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றேன்.

நாற்பது வருடமாக என் கிண்டலுக்கு அவள் ஒரு பதில் கிண்டல் வைத்திருப்பாள். அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பழமொழியை நான் அப்புறம் எங்கேயும் சொன்னதில்லை.

அதன்பின் இரண்டு மாதம் அவளைக் கைப்பிடித்து இழுத்துச் சன்னலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்படிச் செய்தால் ரொட்டி வாங்க யார் போவது? ரொட்டிக் கடைக்காரரே கொடுத்து அனுப்பத் தொடங்கினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கும் மலாய்க்காரப் பெண் ஒருத்தி, நடைகூடத் தரையில் குறுக்கே ஏழெட்டு வெள்ளை டேப் ஒட்டினாள். கோட்டைத் தாண்டி வையுங்கள் என்றாள். என் மனைவி "ஒண்ணு, ரெண்டு" என்று விறுவிறுவென்று நடந்து போனாள். இந்த நோய்க்காரர்களுக்குச் சும்மா நடக்க வராவிட்டாலும் குறுக்கே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டக் கால் வருமாம். எல்லாருக்கும் இல்லை, பலருக்கு. அந்தப் பெண் என்னிடம் வீட்டில் என்ன தரை என்று மலாயில் கேட்டாள். மரம் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பலகை குறுக்கே போகிறதா, நீளமாகவா என்று கேட்டாள்.

ஆசாரி கேட்ட அதே கேள்வி.

"முன்ன குறுக்கே போச்சு," என்றாள் என் மனைவி. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆசாரிக்குப் போன் போட்டேன். "பசையும் ஆணியும் சேர்த்துப் போட்டிருக்கேன் அண்ணே. பிடுங்கினா கீழே உள்ள பழசும் பிளந்துக்கும்," என்றார். இரும்புக் கடையில் மஞ்சள் டேப் வாங்கி வந்து, சாண் வைத்து அளந்து, பழைய இடுக்குகள் இருந்திருக்கும் இடத்தில் எல்லாம் ஒட்டினேன். சரியாகப் பதினேழு கோடு. மறுநாள் சந்து முனையில் நின்று நிமிர்ந்தபோது சன்னலில் இரண்டு விரல் நடுங்கியது. கடைக்காரர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

நான்கு மாதம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள் ஒன்பதில் நின்றாள். அப்புறம் ஐந்தில். அப்புறம் கோடு இருந்தும் கால் வரவில்லை. நோய் முற்றினால் இப்படித்தான் என்றார் டாக்டர். அந்த இரண்டு மாதம் அவளாக நடக்காமல் இருந்ததால்தான் இது சீக்கிரம் வந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, சொல்ல முடியாது என்றார். ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான்.

போன வாரம் ஒரு மதியம். படுத்தபடியே கூப்பிட்டாள். இப்போது அவள் குரல் கிட்டே போனால்தான் கேட்கும்.

"என்னங்க, அந்த டேப்பை எல்லாம் எடுத்துடுங்க."

"இருக்கட்டும். திரும்பி நடக்கறப்போ வேணுமே."

"எடுத்துடுங்க. நீங்க ஆசையா போட்ட பலகை. அழகா இருக்கும்."

மண்டியிட்டுக் கட்டில் பக்கத்திலிருந்து நகத்தால் நெம்பி உரிக்கத் தொடங்கினேன். முதல் டேப் கிழிந்து வந்தபோது "ஒண்ணு" என்றாள். நான் தவழ்ந்து போகப் போக, தலையணையில் தலையைச் சாய்த்தபடி அந்த ஒன்றாம் வகுப்புக் குரலில் எண்ணிக்கொண்டே வந்தாள். பதினாறுக்கு மேல் எனக்குக் கண் தெரியவில்லை. முடிந்தது என்று கையை ஊன்றி எழுந்தேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள். "சன்னல்கிட்ட. பாருங்க."