லண்டன் ரோமர் மதிலில் சொல்லக்கூடாத சொல்

ரோமர் கட்டிய மதிலை லண்டனில் எங்கே பார்க்கலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் போனது 1996 நவம்பரில். ரோமர் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. வீட்டில் எல்லோருடைய காதும் புளிக்கும் அளவுக்குப் பேசியிருக்கிறேன். ஆனால் அன்று போனதற்குக் காரணம் மச்சாள். அவரை எப்படியாவது வீட்டுக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்று நினைத்தேன்.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. அண்ணை அதற்கு மூன்று வருடம் முன், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகக் கிளாலிக் கடலேரியில் படகேறியவர். படகும் கரைசேரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மச்சாள் பிறகு விம்பிள்டனில் எங்களோடு வந்து இருந்தார். உடல் இல்லாவிட்டாலும் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை முடிக்கலாம் என்று ஐயர் சொல்லியும் அவர் மசியவில்லை. "போட்டு வாறன் எண்டு சொல்லித்தானே போனவர். வராமல் விடமாட்டார்" என்பார். போட்டு வாறன் என்றால் எங்கள் பேச்சில் போய்விட்டு வருகிறேன். வாசலோரம் மாட்டிய அண்ணையின் படத்திடம், பால் வாங்கப் போனாலும் "போட்டு வாறன்" என்று சொல்லித்தான் படியிறங்குவார். அன்றும் சொன்னார்.

டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறி, டவர் ஹில்லில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு வெளியே வந்தாலே மதில் தெரியும். சிவப்பு ஓட்டு வரிகள் ஓடும் அடிப்பகுதிதான் ரோமருடையது. மேலே இருப்பது பின்னால் வந்தவர்களின் வேலை. ரோமர் சவத்தை ஊருக்குள் புதைக்கமாட்டார்கள், மதிலுக்கு வெளியேதான் என்று நான் அளந்துகொண்டிருந்தேன்.

"இப்ப நாங்கள் நிக்கிறது உள்ளுக்கோ, வெளியிலோ?" என்றார் மச்சாள்.

வரைபடத்தைப் பார்த்தேன். வெளியே. அவர் காலை மெல்ல எடுத்து வைத்து நடந்து வந்தார்.

அங்கிருந்து மேற்கே ஒன்றரை மைல் நடந்தால் லண்டன் நகர அருங்காட்சியகம். பின்னேரம் நான்கு மணிக்கு ரோமர் பகுதியில் எங்களைத் தவிர ஒரு ஈ குருவிகூட இல்லை. கண்ணாடிக்குள் ஒரு ஆணின் எலும்புக்கூடு, வாய் திறந்தபடி கிடந்தது. சில சவங்களின் வாயில் ரோமர் ஒரு காசு வைப்பார்கள், மறு உலகத்து ஆற்றைக் கடத்திவிடும் படகோட்டிக்குக் கூலி என்று வாய் ஓயாமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"உம்மட அண்ணையும் படகுக்காரனுக்குக் காசு குடுத்துத்தான் ஏறினவர்" என்றார் மச்சாள்.

பதற்றத்தில், பழக்கதோஷத்தில், எலும்புக்கூட்டைப் பார்த்து "சரி, போட்டு வாறம்" என்றேன்.

மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, உமக்கு விசரோ? செத்தவையிட்ட அப்பிடிச் சொல்லுறதே?"

எங்கள் பக்கம் செத்த வீட்டில் யாரும் விடைபெறுவதில்லை. பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும். வாறன் என்றால் சாவும் கூட வரும் என்று பயம். ரோமனுக்குத் தமிழ் தெரியாது என்று சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

பக்கத்திலேயே ஒரு நிலத்தடிக் கார் பார்க். கார்களுக்கு நடுவே மதிலின் துண்டு ஒன்று நிற்கிறது, பார்க்கக் காசு கேட்பதில்லை. அதையும் பார்க்க இறங்கினோம். உள்ளே ஈரமண் வாடை. பாதி தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சப்பாத்துச் சத்தம் இல்லை. நனைந்த ரப்பர் செருப்பு சளக், சளக் என்று நடக்கும் சத்தம். நவம்பர் குளிரில் லண்டனில் யார் செருப்போடு நடப்பார்கள்? நாங்கள் நின்றோம். அதுவும் நின்றது.

"திரும்பிப் பாக்காதையும்" என்றார் மச்சாள். என் கையைப் பிடித்து வாசலை நோக்கி நடந்தார்.

வெளியே தெருவிளக்கின் கீழ் வந்த பிறகுதான் அவர் அழுதார். "நானும் ஒவ்வொரு நாளும் அவரிட்ட வாறன், வாறன் எண்டு சொல்லுறன். அதாலதானோ தம்பி, அவரும் போகேலாமல் நிக்கிறார்?"

அவரைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

போக இருப்பவர்களுக்கு: அந்த அருங்காட்சியகம் இப்போது அந்த இடத்தில் இல்லை. மதிலைப் பகலிலேயே பாருங்கள், நல்ல சப்பாத்துப் போடுங்கள். கார் பார்க்குக்குத் தனியே போகாதீர்கள். அந்தச் சத்தம் என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது. கூரையில் ஒழுகிய தண்ணீராகவும் இருக்கலாம்.

மறுநாள் காலை மச்சாள் வேலைக்கு வெளிக்கிட்டார். கோட் போட்டார், வாசலுக்கு வந்தார், அண்ணையின் படத்துக்கு முன்னால் நின்றார். நான் குசினியில் தேத்தண்ணீரோடு காத்திருந்தேன், அந்த இரண்டு சொல்லுக்காக. அவர் படத்தின் சட்டத்தை ஒருமுறை துடைத்தார். ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நான் ஐயருக்குப் போன் எடுத்தேன்.