துப்பாக்கி மிஷினும் என் பிரம்பும்

எண்பதுகளின் நடுவில் இலங்கை மலையகத்தின் தலவாக்கலை டவுனில் ஒரு கேசட் கடைக்காரர் வீடியோ கேம் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். திரையில் சின்னச் சின்ன மனிதர்கள் ஓடுவார்கள். பொத்தானை அமுக்கிச் சுட்டால் சுருண்டு விழுவார்கள். நான் அப்போது பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். சில வருஷங்களுக்கு முன்பு இனக்கலவரத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் தீ வைக்க வந்த கும்பலைத் தேயிலைக்குள் பதுங்கியிருந்து பார்த்தவன். சுடுவதை விளையாட்டாகப் பழகினால் நிஜத்திலும் கை கூசாது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை இடைவேளையில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் கூட்டாளியின் வாயில் கட்டையால் அடித்துவிட்டான். முன்பல் இரண்டு போயிற்று. அடிபட்டவனை டிஸ்பென்சரிக்கு அனுப்பிவிட்டு, அடித்தவனைப் பிரம்பால் விளாசினேன்.

"டவுன் மிஷின்ல பழகினியா? சொல்லுடா!"

அவன் என் கையிலிருந்த பிரம்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பாடசாலை விட்டதும் பஸ் ஏறிப் போய்க் கடைக்காரரிடம் கத்தினேன். அவர் சிங்களவர். நிதானமாகத் தமிழில் சொன்னார்: "மாஸ்டர், ஒரு தரம் வெளையாடிப் பாருங்க. பொறகு ஏசுங்க."

வீம்புக்குத்தான் தொட்டேன். ஒரு மணி நேரம் நகர முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் விரல்கள் தாமாகவே அமுக்கிக்கொண்டிருந்தன. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை, அடித்தவனின் அம்மா கொழுந்துக் கூடையோடு என் குவாட்டர்ஸ் வாசலில் நின்றார்.

"எம் மகன் அந்த மிஷினக் கண்ணால பாத்ததில்லங்க சார். அங்க போயி வெளையாடுறது அடிபட்ட புள்ளதான்."

"அப்ப இவன் இத எங்கம்மா பழகினான்?"

அவர் கூடையைப் பார்த்தபடியே சொன்னார்: "கணக்குத் தப்பினா நீங்க அடிக்கிறீங்க. கோவம் வந்தா அவங்கப்பா என்னய அடிக்கிறாரு. அந்தப் புள்ள இவனக் கேலி பண்ணியிருக்கு. இவனுக்கு வேற என்னங்க தெரியும்?"

வேலைக்கு நேரமாகிவிட்டதென்று இறங்கிப் போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லயத்துக்குத் தீ வைத்தவர்கள் வந்தபோது டவுனில் எந்த மிஷினும் இல்லை. அது எனக்கு ஏன் அதுவரை தோன்றவில்லை? அவர்கள் இதை யாரிடம் பழகினார்கள்?

ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடம் அடிவாங்கிய அந்த மாணவன் வகுப்புக்கு வந்தான். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினேன். முன் வரிசையிலிருந்த அவன் சட்டென்று முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"எழுதத்தாண்டா தூக்கினேன்" என்றேன். அவன் நம்பவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தவன், கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கை எழுதினேன்.

அன்றே பிரம்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பத்தாவது நாள் வகுப்பின் சத்தம் தாங்காமல் திறந்து எடுத்துவிட்டேன். அதை முழுதாகக் கைவிட எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.